தங்கவயல் தந்த பாடம்



ஆசிரியன் மாணவனுக்குப் பாடம் கற்பிப்பது உலக வழக்கு. மாணவன் ஆசிரியனுக்குப் பாடம் கற்பிப்பதும் உண்டு. அத்தகைய பாடம் ஒன்றை நான் 2001-ஆம் ஆண்டில் கற்றேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த சமயம் அது. வகுப்பில் இந்திய நாட்டுப் படத்தை மாட்டி, கனிவளங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கைக்கோலால் படத்தில் ஓரிடத்தைச் சுட்டி, "இதுதான் கோலார் தங்கவயல், நம் நாட்டில் தங்கம் வெட்டி எடுக்கப்படும் இடம்" என்றேன். பல்லாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி நாவிற்குப் பழகிய வாக்கியம் அது.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, இப்பொழுது அங்கே தங்கம் எடுப்பதில்லை. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். என் தாத்தா ஊருக்கே திரும்பி வந்துவிட்டார்" என்றான்.

எனக்கு நாணமாக இருந்தது. அவன் சொன்னது முற்றிலும் உண்மை. அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. அச்செய்தி எனக்கு வெறும் செய்தியாக வந்து போயிற்று. அவனுக்கோ அது தாத்தாவின் உருவில் வீட்டுத் திண்ணைக்கே வந்து அமர்ந்திருந்தது. அன்று மாலை அவனைத் தனியே அழைத்து, அவன் தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். "இரவெல்லாம் இருமுகிறார், ஐயா" என்றான். நாட்டுப் படத்தில் நாம் இடும் ஒரு புள்ளிக்குள் எத்தனை மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அந்தப் புள்ளியின் நிலவியலையும் வரலாற்றையும் இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். நான் வாழ்வது திருவண்ணாமலையில், இரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில். எங்கள் ஊரிலிருந்து புகைவண்டியில் வடக்கே காட்பாடிக்குச் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஜோலார்பேட்டை வரும். அதனைக் கடந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் வழியில் பங்காரப்பேட்டை உள்ளது. அங்கிருந்து மாரிக்குப்பம் வரை ஒரு கிளைப்பாதை பிரிகிறது. 1894-ஆம் ஆண்டு தங்கச் சுரங்கத்திற்கென்றே இடப்பட்ட பாதை அது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல், இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய பல சிற்றூர்களும் பேட்டைகளும் சேர்ந்ததே தங்கவயல் எனப்படும் நகரம். கருநாடகம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் மூலையில் அது அமைந்திருக்கிறது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு.

உயரத்தை நோக்கினால் வியப்பான உண்மை ஒன்று புலப்படும். எங்கள் அண்ணாமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயரத்தில் உள்ளது. தங்கவயலின் தரையோ 800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அதாவது, எங்கள் மலையின் உச்சியும் அவ்வூரின் வீதியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன! அந்த மேட்டு நிலத்தில் மழை குறைவு, மண் செம்மண், ஆற்றுவளம் சிறிது. அருகே செல்லும் ஆறு பாலாறு ஒன்றே. அதன் குறுக்கே பேத்தமங்கலத்தில் நீரைத் தேக்கித்தான் சுரங்க நகருக்குக் குடிநீர் கொடுத்தார்கள். அதே பாலாறுதான் பின்னர் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகத் தமிழகத்தில் ஓடி, சவ்வாது மலையில் பிறந்து எங்கள் மாவட்டத்தின் வழியே வரும் செய்யாற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. ஆகவே தங்கவயல் நமக்கு அயலூர் அன்று. ஓர் ஆற்றால் உறவான ஊர்.

இனி, அங்கே தங்கம் எவ்வாறு வந்தது? அவ்விடத்தில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்கு, சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு கரும்பாறைப் பட்டை ஓடுகிறது. எரிமலைக் குழம்பு இறுகியதால் உண்டானது அது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்திலிருந்து வெந்நீர்க் கரைசல்கள் இப்பாறையின் வெடிப்புகளில் ஏறின. அவை குளிர்ந்தபோது வெண்ணிறப் படிகக் கல்லும், அதனோடு நுண்துகளாகத் தங்கமும் வெடிப்புகளில் படிந்தன. பாலில் கலந்த நெய் கண்ணுக்குப் புலப்படாதவாறு போல, அக்கல்லில் கலந்த தங்கமும் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாது. வெட்டி எடுத்த பாறையை இடித்துப் பொடியாக்கி, பாதரசத்தாலும் பின்னர் சைனைடு என்னும் நஞ்சுக் கரைசலாலும் தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். சைனைடு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பகுதி மக்கள் தங்கத்தை அறிந்திருந்தனர். பழங்காலத்துக் குழிகள் பல அங்கே காணப்பட்டன. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பின்னர், மைசூர் நாட்டின் எல்லையை அளக்க வந்தவர் ஜான் வாரன் என்னும் படை அதிகாரி. 1802-ஆம் ஆண்டில், உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களின் மக்கள் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுப்பதை அவர் கண்டு எழுதினார். எனினும் அதற்குப் பின் எழுபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை.

நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் லவெல் என்பவர் வாரனின் குறிப்பைப் படித்தார். 1873-ஆம் ஆண்டு மைசூர் அரசாங்கத்திடம் சுரங்க உரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1875-இல் உரிமை கிடைத்தது. ஆனால், நிலத்தை அகழ ஆசை மட்டும் போதாது, பெருமுதல் வேண்டும். அவரிடம் அது இல்லை. உரிமை பிறர் கைக்கு மாறி, 1880-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வசம் வந்தது. முதற்சில ஆண்டுகள் போட்ட முதலெல்லாம் மண்ணோடு மண்ணாயிற்று. கைவிட்டுப் போகும் நிலையில், பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவர் பழங்காலத்துக் குழிகளைப் பின்பற்றி ஆழமாகத் தோண்டிப் பார்த்தார். முன்னோர் நிறுத்திய இடத்திற்குக் கீழே செழிப்பான தங்கப் படிவம் இருந்தது! சாம்பியன் படிவம் என்று புகழ்பெற்றது அதுவே. ஆகவே, வழிகாட்டியவர்கள் பெயர் தெரியாத நம் பழங்குடிகளே என்பதை மறவாதீர்கள்.

சுரங்கம் ஆழமாக ஆக, நீரை இறைக்கவும் பாறையைத் தூக்கவும் ஆற்றல் மிகுதியாக வேண்டியிருந்தது. நீராவி இயந்திரங்களுக்கு விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகவில்லை. அப்பொழுது காவிரி கைகொடுத்தது. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் ஆக்கி, 92 மைல் தூரம் கம்பி வழியே கொண்டுவந்து, 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் தங்கவயலுக்குக் கொடுத்தார்கள். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கம்பித் தடங்களுள் அது ஒன்று. பெங்களூர் நகரத்து வீதிகளுக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான்.

ஆழம் எவ்வளவு தெரியுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர் கீழே சென்றது. கடல் மட்டத்திலிருந்து அண்ணாமலை உச்சியின் உயரம் எவ்வளவோ, அதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு! கடல் மட்டத்திற்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கீழே மனிதர் இறங்கி வேலை செய்தனர். அங்கே பாறையின் வெப்பம் சுமார் 65 பாகை. குளிர்விக்கப்பட்ட காற்றை மேலிருந்து செலுத்தினாலன்றி மனிதர் நிற்க இயலாது. மேலிருக்கும் பாறையின் பெருஞ்சுமையால், வெட்டிய பகுதியின் சுவர் திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அவ்வெடிப்புக்கு இரையானோர் பலர்.

அந்த ஆழம் அறிவியலுக்கும் பயன்பட்டது. வான்வெளியிலிருந்து ஓயாது பொழியும் கதிர்களைப் பாறை தடுத்துவிடும். ஏறத்தாழ எதனாலும் தடுக்கப்படாமல் ஊடுருவும் நியூட்ரினோ என்னும் நுண்துகளோ அந்த ஆழத்தையும் எட்டும். பிற கதிர்களின் இரைச்சல் இல்லாத அவ்விடத்தில் அதனைத் தேடலாம் அன்றோ? டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பான், இங்கிலாந்து நாட்டு அறிஞர்களோடு சேர்ந்து, 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை அமைத்தனர். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை 1965-ஆம் ஆண்டு கண்டறிந்தனர். தங்கம் தேடிய குழியில் இயற்கையின் இரகசியம் ஒன்று கிடைத்தது.

மாணவர்களே, இதுவரை பாறையைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் பேசினேன். அக்குழியில் இறங்கியவர்கள் யாவர்? மேற்பார்வை செய்தவர்களுள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினர் மிகுதி. பாறையைத் துளைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காடு மாவட்டத்தையும் அதனை அடுத்த பகுதிகளையும் சேர்ந்தவர்கள். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் நம் நாட்டை வாட்டியது. நிலமும் இல்லை, கூலியும் இல்லை. தீண்டாமைக் கொடுமையோ தீரவில்லை. அந்நிலையில் இருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு மேற்கே சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் வேலை செய்தோர் தொகை முப்பதினாயிரம் அளவில் இருந்தது. என் வீட்டின் முன்னுள்ள செங்கம் சாலை மேற்கு நோக்கியே செல்கிறது. அதன் வழியே வண்டிகள் போகும்பொழுதெல்லாம், பசித்த வயிற்றோடு மேற்கே நடந்த அக்குடும்பங்களை நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். மூங்கில் தட்டியால் அமைந்த சிறு குடில்கள் அவை. ஆயினும் அங்கே வாரக் கூலி கையில் வந்தது. ஊர்த் தெருவில் கிடைக்காத தலைநிமிர்வு ஓரளவு கிடைத்தது. கூலி கிடைத்தவுடன் மக்கள் நாடியது கல்வியை. பள்ளிகளும் படிப்பகங்களும் சங்கங்களும் தோன்றின. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய இதழ் 'தமிழன்'. அவர் மறைந்த பின், 1926-ஆம் ஆண்டு முதல் அவ்விதழை மீண்டும் நடத்தியவர் தங்கவயல் அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ஊரில் ஓர் அறிவு ஏடு உயிர்பெற்றது சிறிய செய்தியன்று. 1930-ஆம் ஆண்டு, தங்கள் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் மூன்று வார காலம் வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளிகளைப் போலத் தங்களை நடத்தலாகாது என்பதே அவர்கள் வழக்கு.

அவர்கள் கொடுத்த விலை பெரிது. படிகக் கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி அதனை இறுகச் செய்துவிடும். சிலிகோசிஸ் என்பது அந்நோயின் பெயர். அது வந்தபின் தீர மருந்து இல்லை. வராமல் காப்பதே வழி. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளரை மருத்துவர் பரிசோதித்தபொழுது, அவர்களுள் ஏறக்குறைய 44 விழுக்காட்டினருக்கு அந்நோய் காணப்பட்டது. என் மாணவனின் தாத்தாவுக்கு இருந்த இருமல் இன்னதென்று நான் மருத்துவன் போல் கூற இயலாது. ஆனால் இந்த எண்ணிக்கையைப் படிக்கும்பொழுதெல்லாம் அந்த இருமலே என் காதில் ஒலிக்கிறது.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசுக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பெயர் பெற்றன. ஆனால் பெயர் மாறினாலும் பாறை மாறுமா? தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. இறுதிக் காலத்திலோ மூன்று நான்கு கிராமே கிடைத்தது. ஆழம் மிக மிகச் செலவு ஏறியது, தங்கமோ குறைந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் தங்கத்தை உலகுக்கு வழங்கிய பின்னர், 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. கடைசி நாளில் வேலையிலிருந்தோர் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். இறைப்பு இயந்திரங்கள் நின்றதும் நிலத்தடி நீர் ஊறி, மனிதர் உலவிய பாதைகளையெல்லாம் மூழ்கடித்துவிட்டது. இன்று தங்கம் எடுக்கும் பெரிய சுரங்கம் இரெய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் உள்ளது.

தரைமேல் எஞ்சியவை யாவை? தங்கம் பிரித்த பின் கொட்டப்பட்ட பொடி, குன்று குன்றாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அக்கழிவை ஊரார் சைனைடு மேடு என்பர். காற்றடித்தால் அதன் தூசி வீடுகளில் படிகிறது. புல்லும் அதில் எளிதில் முளைப்பதில்லை. 1964-இல் தொடங்கப்பட்ட மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை ஒன்று சிலருக்கு வேலை தருகிறது. மற்றவர்களோ விடியுமுன் எழுந்து, புகைவண்டியில் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். அன்று தங்கத்தை ஏற்றிச் சென்ற தண்டவாளம் இன்று உழைக்கும் கைகளை ஏற்றிச் செல்கிறது.

இந்நிலை தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் செக் நாட்டின் மலைப்பகுதியில் யாக்கிமோவ் என்றொரு சிற்றூர் உண்டு. 1516-ஆம் ஆண்டு வெள்ளிச் சுரங்கத்தால் உருவான ஊர் அது. அங்கே அடித்த வெள்ளி நாணயத்திற்குத் 'தாலர்' என்று பெயர். இன்று உலகெங்கும் வழங்கும் 'டாலர்' என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே. அவ்வூரில் மருத்துவராக இருந்த அக்ரிகோலா என்னும் அறிஞர் சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய பெருநூல் 1556-இல் வெளிவந்தது. தூசி நுரையீரலை அரிப்பதை அந்நூலிலேயே அவர் எடுத்துரைத்தார். வெள்ளி தீர்ந்தபின் ஊர் சிறுத்தது. 1898-இல் மேரி கியூரி அம்மையார் ரேடியத்தைக் கண்டறிந்தது அவ்வூரிலிருந்து வந்த கனிமத்திலிருந்துதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கைதிகளை இறக்கி அங்கே யுரேனியம் தோண்டினார்கள். 1960-களில் அதுவும் நின்றது. ஒரு காலத்தில் பெருநகராய் விளங்கிய அவ்வூரில் இன்று மூவாயிரம் பேரும் இல்லை. ஆயினும் சுரங்கத்தில் ஊறும் வெந்நீரைக் கொண்டு மருத்துவ நீராடல் நிலையம் அமைத்து அவ்வூர் பிழைத்திருக்கிறது. அம்மலைப் பகுதியின் சுரங்கச் சின்னங்களை 2019-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அக்ரிகோலா எழுதி ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழிந்த பின்னும், தங்கவயலில் அதே தூசி மனிதர் மார்பில் படிந்தது. அறிவு நூலில் இருந்தால் போதாது. அது தொழிலாளியின் மூச்சைக் காக்கும் ஏற்பாடாக மாறவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்றும் விளங்கும். நம் வீட்டுக் கிணறு இறைக்க இறைக்க ஊறும். நிலம் ஆண்டுதோறும் விளையும். சுரங்கமோ ஒருமுறையே விளையும் வயல். தங்கவயல் என்று பெயர் சூட்டினார்கள்; ஆனால் அவ்வயலில் மறுபோகம் இல்லை. ஆதலின் சுரங்கம் வளமாக இருக்கும்போதே, அது தீரும் நாளுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தல் வேண்டும். மாற்றுத் தொழில், தூய நீர், நோயுற்றோர்க்கு மருத்துவம், கழிவை அடக்கும் ஏற்பாடு ஆகியவற்றுக்கான செலவு, தங்கத்தின் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு சேர்க்காவிட்டால், விலையின் மீதியை யார் செலுத்துவார்? குழியில் இறங்கியவரும், அவர் மக்களும், அவர்தம் மக்களும் செலுத்துவர். தங்கம் கண்ட நாடுகள் பல. அந்த மீதிக் கணக்கைப் பார்த்தவை சிலவே.

அந்த மாணவனின் தாத்தாவை ஒரு நாள் சென்று கண்டேன். அவர் வீட்டில் பொட்டுத் தங்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தை எனக்குக் காட்டினார். தலையில் விளக்கும் தொப்பியுமாகத் தோழர்கள் நால்வரோடு நின்ற படம். "ஐயா, பையனை நன்றாகப் படிக்க வைத்துவிடுங்கள், அது போதும்" என்றார். அவர் கேட்ட கூலி அவ்வளவே.

அன்று முதல், நாட்டுப் படத்தில் தங்கவயலைச் சுட்டும்போதெல்லாம் நான் வாக்கியத்தை மாற்றிச் சொன்னேன்: "இங்கே நம்மவர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழத்திற்கு இறங்கி, நாட்டுக்குத் தங்கம் எடுத்துத் தந்தார்கள்." நீங்களும் படத்தில் ஓர் ஊரைக் காணும்போது, அங்கே என்ன கிடைக்கிறது என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அதனை எடுத்தவர் யார், எடுத்த பின் அவர் எவ்வாறு இருக்கிறார் என்றும் கேளுங்கள். நிலவியலும் வரலாறும் அப்பொழுதுதான் உயிருள்ள பாடங்களாகும்.